பிரிமணையில் மிஞ்சிய கறுப்பன்

கொள்ளிடக் காற்றுக்குத் துண்டை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாலும் கூட்டம் முடியும்வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை என்ற உறுதியோடு வீற்றிருக்கும் தலைவர், திருவரங்கத்துப் பெரியவர் ரங்கசாமி ஐயங்கார் அவர்களே! விளைச்சல் பெருக வேண்டும், வீட்டுக்கு வீடு உலை கொதிக்க வேண்டும் என்று வரப்பு வரப்பாக அலைந்து கருத்துப்போன விவசாய இலாகா அதிகாரி அவர்களே! வடபடுகை விவசாயிகள் சங்கத்தை வாழவைக்கும் செயல்வீரர்களே! மேலத்தெருப் பெரியோர்களே! கீழத்தெருப் பெரியோர்களே! இரண்டு தெருவையும் தனித்தனியாகச் சொல்லவேண்டும் என்று மேடை ஏறும்போதே எனக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். ஒன்றை விட்டாலும் இன்றைக்கு எனக்கு இந்த ஊரில் சோறு இல்லையாம்! உளுந்து பிடுங்கிய கையில் மண் காய்வதற்குள் ஓடிவந்து, இடமில்லாமல் வைக்கோல் போரில் சாய்ந்துகொண்டு கேட்கும் தாய்மார்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் உள்ளம் நிறைந்த வணக்கம்.

நான் கலீல். திருச்சி பெரிய கடைவீதியில் குடை விற்பவன். ஏர் பிடித்தவன் அல்லன். நாற்று நட்டவன் அல்லன். உழவர் மேடையில் குடை வியாபாரிக்கு என்ன வேலை என்று அங்கே ஒருவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார். காதில் விழுந்தது ஐயா! மழை பெய்தால் உங்களுக்கும் மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி. மழை பொய்த்தால் உங்களுக்கும் பட்டினி, எனக்கும் பட்டினி. வானத்தை அண்ணாந்து பார்ப்பதில் நீங்களும் நானும் ஒரே சாதி!

விழாக்குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு 'விளைச்சலைப் பெருக்குவோம்'. நல்ல தலைப்பு. ஆனால் அதைப் பற்றிப் பேச அதிகாரி இருக்கிறார். நான் பேசப்போவது காணாமற்போன ஒருவனைப் பற்றி. அவன் உங்கள் ஊர்க்காரன். உங்கள் பாட்டன் காலத்திலும் இருந்தான், அவருக்குப் பாட்டன் காலத்திலும் இருந்தான். சென்ற தை மாதம் தேடினால், இல்லை! இந்த மேஜைமேல் சோடா பாட்டிலுக்குப் பக்கத்தில் துணி போட்டு மூடியிருக்கிறதே, அந்தச் சட்டியில் என்ன என்று முன்வரிசை முணுமுணுக்கிறது. சொல்கிறேன், பொறுங்கள். தம்பி, ஒலிபெருக்கியின் இரைச்சலைக் கொஞ்சம் குறையப்பா. ஆங், அது போதும்.

யார் அவன்? உமி கறுத்தவன். அரிசி சிவந்தவன். ஆளுயரம் வளர்ந்தவன். மூக்கிலே முள் போல நீண்ட மீசை வைத்தவன். கொள்ளிடம் பெருகிக் கழனிக்குள் புகுந்து, மற்ற நெல்லெல்லாம் மூழ்கி மூச்சடைத்துச் செத்தபோது, தண்ணீர் ஏற ஏறத் தானும் ஏறி, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றவன். வெள்ளம் வடிந்ததும் சேற்றை உதறிவிட்டுக் கதிர் ஈன்றவன். காவிரிக்கும் கலங்காத கறுப்பன்! கொள்ளிடத்துக்கும் குனியாத கறுப்பன்! உங்கள் படுகைக் கறுப்பன்! பேரைச் சொன்னதும் அந்த வைக்கோல் போர்ப் பக்கம் ஒரு பெருமூச்சு எழுகிறதே, தாய்மார்களே, அந்தப் பெருமூச்சைத்தான் நான் பெரிய கடைவீதியிலிருந்து பஸ் ஏறிச் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன்.

புது நெல்லைத் திட்ட வந்திருக்கிறேன் என்று அதிகாரி அவர்கள் நெளிய வேண்டாம். அரிசிக்காகத் துணிப்பையோடு வரிசையில் நின்றவன் நான். என் வீட்டிலே உலை கொதித்து, போட அரிசியில்லாமல் அடுப்பை அணைத்த நாளும் உண்டு. அந்தப் பசியை ஆற்றிய புது நெல்லுக்கு நான் கைகூப்புகிறேன். மேட்டு வயலில் அது குட்டையாக நின்று குலைகுலையாகக் கதிர் தள்ளுவதைப் பார்த்துப் பூரித்துப்போகிறேன். ஆனால் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். புது மருமகள் வீட்டுக்கு வந்தால், வீட்டில் இருக்கிற மகளை ஆற்றோடு போ என்றா அனுப்பிவிடுவது?

எனக்கும் கறுப்பனுக்கும் என்ன உறவு? அதைச் சொன்னால்தான் என் ஏக்கம் உங்களுக்குப் புரியும்.

இந்த ஊர்க் கீழத்தெரு மருதையை உங்களுக்குத் தெரியும். அதோ, தூணில் சாய்ந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். அவருடைய துணைவியார் பாப்பாயி, தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தபோது எதைத் தின்றாலும் வயிற்றில் தங்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார் மருதை. திரும்பும் வழியில், வெயில் தாளாமல் அந்த அம்மாள் என் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். அது நோன்பு மாதம். பள்ளிவாசலிலிருந்து அப்போதுதான் கஞ்சி வந்திருந்தது. என் மனைவி நஜீமா ஒரு கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்து, "இதைக் கொஞ்சமாக் குடிச்சுப் பாரும்மா, வெந்தயம் போட்டது, வயித்துக்கு ஒண்ணும் செய்யாது" என்றாள். குடித்தார். தங்கியது! இன்னொரு கோப்பை கேட்டார். அதுவும் தங்கியது. அந்த இடத்திலேயே எழுந்து நின்று சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு சொன்னார்: "என் புள்ள நல்லபடியாப் பொறந்துட்டா, வருஷா வருஷம் இந்தக் கஞ்சிக்கு எங்க படுகை அரிசி வரும்ங்க."

பிள்ளை பிறந்தது. அரிசியும் வந்தது. வருடந்தோறும் வந்தது. கறுப்பனைக் குத்திய சிவப்பரிசி விழுந்ததும் எங்கள் தெருக் கஞ்சியின் நிறமே மாறியது. பகலெல்லாம் பட்டினி கிடந்த நாக்கில் அந்தக் கஞ்சி படும்போது, அடடா! என் தொழிலே பேசுவது என்கிறார்கள், ஆனால் அந்த ருசியைச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. கஞ்சி காய்ச்சும் பண்டாரி அப்துல் மாலிக்கிடம், "என்ன பாய், இன்னைக்குக் கை பேசுதே" என்று பாராட்டினால், "என் கையில என்ன இருக்கு, அரிசி பேசுது" என்பார். வெள்ளை அரிசியிலும் அவர்தான் காய்ச்சுகிறார். அதே வெந்தயம், அதே பூண்டு, அதே கை. ஆனால் அது பேசவில்லை! எனக்கு அந்தக் கஞ்சி வேண்டும் ஐயா! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நரைத்த தாடியோடு மேடையில் நின்றுகொண்டு, குழந்தை மாதிரி அந்த ருசிக்கு ஏங்குகிறேன்!

சரி, கறுப்பன் எப்படிக் காணாமற்போனான்? வெள்ளம் கொன்றதா? அவனை வெள்ளம் கொல்லாது. பூச்சி தின்றதா? இல்லை. கள்வன் கொண்டுபோனானா? இல்லை. உங்கள் நல்ல பழக்கம் ஒன்றே அவனைக் கொண்டுபோய்விட்டது!

இந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. தன் வயலில் விளைந்த விதையைத் தன் வயலிலேயே போடமாட்டீர்கள். ஒரே மண்ணில் ஒரே விதை திரும்பத் திரும்ப விழுந்தால் விளைச்சல் தேயும் என்று, கீழத்தெரு விதை மேலத்தெருவுக்கும், மேலத்தெரு விதை கீழத்தெருவுக்கும் மாறும். விதைநெல்லை உள்ளே வைத்து, வைக்கோல் பிரி சுற்றிச் சாணம் மெழுகிய விதைக்கோட்டை தெரு விட்டுத் தெரு போகும். அருமையான பழக்கம்! பாப்பாயி வீட்டுக் கோட்டை, மேலத்தெரு மயிலம்மாளுக்கு. மயிலம்மாள் வீட்டுக் கோட்டை, பாப்பாயிக்கு. காலங்காலமாக நடந்தது.

போன ஆடியில் ஊரே புது நெல்லுக்கு மாறியது. மருதையும் மாறினார். மேட்டில் போட்டவர்களுக்கு நன்றாக விளைந்தது. மருதையின் நிலமோ கொள்ளிடத்தை ஒட்டிய பள்ளம். ஐப்பசியில் ஆறு உள்ளே வந்தது. குட்டை நெல்லுக்கு நீந்தத் தெரியுமா? மொத்தமும் அழுகியது. பாப்பாயி கலங்கவில்லை. "வர்ற ஆடிக்குக் கறுப்பனையே போட்டுக்கலாம், மயிலக்கா வீட்ல கோட்டை இருக்கு" என்றார். அவர் வீட்டுப் பரணிலும் ஒரு கோட்டை இருந்தது. ஆனால் அது பழக்கப்படி மயிலம்மாளுக்கு உரியது. மயிலம்மாளோ புது நெல்லுக்குப் போய்விட்டார், அவருக்கு அது வேண்டாம். மார்கழியில் நோன்பு வந்தது. வேண்டுதலுக்கு அனுப்ப வீட்டில் வேறு அரிசி இல்லை. யாருக்கும் தேவைப்படாத அந்தக் கோட்டையைப் பாப்பாயி, அப்படியே வைக்கோல் பிரியோடு வண்டியில் ஏற்றி எங்கள் பள்ளிவாசலுக்கு அனுப்பிவிட்டார்!

பொங்கலன்று இரண்டு தாய்மார்களும் ஆற்றங்கரையில் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சை அவர்கள் சொல்ல நான் கேட்டேன், அப்படியே சொல்கிறேன்.

"ஏன் மயிலக்கா, கோட்டையை எப்ப குடுத்துவிடுற? மாட்டுப்பொங்கல் கழிச்சு ஆளை அனுப்பட்டுமா?"

"எந்தக் கோட்டைடி?"

"கறுப்பன் கோட்டைதான்."

"அது உன்கிட்டதானே இருக்கு!"

"என்னோடது உனக்குல்ல? நீதான் வேணாம்னுட்டியேன்னு பள்ளிவாசலுக்கு அனுப்பிட்டேன். உன்னோடதைத்தானே நான் விதைக்கணும்?"

"அடிப் பாவி மகளே! நான் தீவாளிக்கு வந்த மாப்பிள்ளைக்கு அவல் இடிச்சுட்டேனே! உன் வீட்ல ஒண்ணு இருக்குங்கிற தைரியத்துலதானே இடிச்சேன்!"

சிரிக்காதீர்கள். சிரிக்காதீர்கள் ஐயா! உங்கள் வீட்டில் இருந்ததா என்று உங்கள் மனைவிமாரைக் கேளுங்கள். கீழத்தெருவில் கேட்டால் மேலத்தெருவில் இருக்குமே என்றார்கள். மேலத்தெருவில் கேட்டால் கீழத்தெருவில் இல்லாமலா போகும் என்றார்கள். எல்லோரும் அடுத்த வீட்டை நம்பினீர்கள். நம்பிக்கையில் குறையே இல்லை, பரண்தான் காலி! ஊர் முழுக்க வைத்திருந்த நெல், ஒருவரும் வைத்திருக்காத நெல்லாக மாறியதே, அதை ஒருவராவது கவனித்தீர்களா?

அடுத்த பஸ்ஸில் பாப்பாயி எங்கள் பள்ளிவாசலுக்கு வந்தார். செருப்பைக்கூடப் போடவில்லை. என் கடையில் குடையை எடைக்கு எடுப்பது மாதிரி பத்துக் குடையை விரிக்கச் சொல்லி ஒன்றும் வாங்காமல் போகும் ஓர் ஆசாமியோடு நான் மல்லாடிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் போவதைக் கண்டதும் அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். பண்டாரி அப்துல் மாலிக் கிணற்றடியில் அண்டா துலக்கிக்கொண்டிருந்தார். "பாய், நான் அனுப்பின கோட்டை இருக்குங்களா?" என்று கேட்டார் பாப்பாயி.

"தாயி, அதை மில்லுல குடுத்து அரைச்சு, கஞ்சி காய்ச்சி, குடிச்சு, பெருநாளும் முடிஞ்சு போச்சே."

அந்த அம்மாள் அழவில்லை. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நோம்பு இருந்த வயித்துக்குத்தானே போச்சு. வீணாப் போகலைங்க" என்றார். எங்களுக்கு ஆறுதல் சொன்னார்! பிறகு என்னைப் பார்த்து, "ஆனா பாய், படுகைக்கு நான் என்னத்தைப் போடுவேன்? அவரு சூளைக்காரர்கிட்ட மண்ணு எடுத்துக்கச் சொல்லி வாக்குக் குடுத்துட்டாரு. விதை இருந்தா நான் தடுப்பேன். வெறுங்கையா எப்படித் தடுப்பேன்?" என்று கேட்டார்.

செங்கல் சூளை! தாய்மார்களே, விளையாத நிலத்தை மருதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் மண்ணை வெட்டி எடுத்துவிட்டால் அது மீண்டும் வயல் ஆகுமா? கொள்ளிடம் ஆண்டாண்டாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் ஐயா அது! விதை போனால் வயலும் பின்னாலேயே போகிறது. வயல் போனால் மருதை எங்கே போவார்? துவாக்குடிப் பக்கம் எழும்பும் கட்டடங்களுக்கு, தன் வயல் மண்ணில் சுட்ட செங்கல்லையே தலையில் சுமக்கப் போவாரா?

நான் தேடப் புறப்பட்டேன். குடை மூட்டையோடு சந்தை சந்தையாகப் போகிறவன்தானே? மணப்பாறைச் சந்தையில் கேட்டேன். வண்டிக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அங்கே காத்தமுத்து என்று ஒரு மாட்டுத் தரகர். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற ஆள். அவர், "பாய், நீங்க நெல்லைத் தேடுறீங்க, நான் மாட்டைத் தேடுறேன். முன்னெல்லாம் கொம்பைப் பார்த்தே எந்த ஊரு மாடுன்னு சொல்லுவேன். கல்லுக்காட்டுல ஏர் இழுக்கிற கட்டை மாடு, பெருக்குத் தண்ணியில வண்டி இழுக்கிற நெட்டை மாடுன்னு தனித்தனியா வரும். இப்ப எல்லாம் ஒரே சாயல்" என்று ஏங்கினார். மருங்காபுரிக்குப் போனேன். மானாவாரிக் காட்டில் ஒரு தானியத்தைக் காட்டி, "இது மழை தப்பினாலும் வரும்" என்றார்கள். "எத்தனை வீட்டில் இருக்கிறது?" என்றேன். விரல் விட்டு எண்ணத் தொடங்கி, ஒரு கையிலேயே நிறுத்திவிட்டார்கள். சாலை ஓரத்து இலுப்பை மரங்கள் எங்கே? வேலிக்கு வேலி வேறு வேறு ருசியில் காய்த்த மாமரங்கள் எங்கே? நான் ஒரு நெல்லைத் தேடிப் போனேன்; வழியெல்லாம் எவரெவரோ எதையெதையோ தேடிக்கொண்டிருக்கக் கண்டேன்.

கடைசியில் திருவரங்கத்துக்கு வந்தேன். நம் தலைவர் வீட்டுப் படியேறினேன். படுகை நிலத்துக் குத்தகை நெல் அளக்கிற வீடாயிற்றே, ஒரு படியாவது இருக்காதா என்ற நப்பாசை. விஷயத்தைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். "ஓய் கலீல், அந்த நெல்லிலே அவல் இடிச்சு, வெல்லம் சேர்த்து, எங்காத்துப் பெருமாளுக்கு அமுது செய்விப்போம். அந்த வாசனை இன்னும் அடியேன் நாசியிலே இருக்கு. நெல்லுதான் கிரஹத்திலே இல்லே" என்றார். ஐயங்காருக்கு அவல் ஏக்கம், எனக்குக் கஞ்சி ஏக்கம். இரண்டு ஏக்கமும் ஒரே வாசற்படியில் உட்கார்ந்திருந்தன!

இதோ, பக்கத்தில் இருக்கும் அதிகாரி அவர்களிடமும் போனேன். 'போன பழசைத் தேடி ஏன் அலைகிறீர்கள்' என்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "கறுப்பன் போயிடுச்சா? என்னங்க சொல்றீங்க! புது நெல்லை நாங்க வானத்துலேர்ந்தா கொண்டுவரோம்? பழைய நெல்லுக்கும் பழைய நெல்லுக்கும் கலப்புக் கட்டித்தானே உண்டாக்குறோம். நாளைக்கு வெள்ளம் தாங்குற குட்டை நெல்லு வேணும்னு நீங்களே வந்து கேப்பீங்க. தாங்குற குணத்தை நான் எங்கே போய் வாங்குவேன்?" என்றார். கேட்டீர்களா? வருங்கால நெல்லுக்கும் தாய் அவன்தான்! தாயைத் தொலைத்துவிட்டுப் பிள்ளைக்கு ஆசைப்பட முடியுமா?

நான் நம்பிக்கையைக் கைவிட்டேன். கடையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாள் காலை, அப்துல் மாலிக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவருகிறார். கையிலே ஒரு பிரிமணை. உங்கள் வீட்டில் பானை உருளாமல் இருக்க வைக்கோலை வளையமாக முறுக்கி அடியில் வைப்பீர்களே, அதுதான். கஞ்சி அண்டாவுக்குப் போடும் பெரிய பிரிமணை. "பாய்! பாய்! பிரிமணை முளைச்சிருக்கு!" என்கிறார். மனிதருக்கு அடுப்புச் சூடு தலைக்கேறிவிட்டது என்றே நினைத்தேன். வாங்கிப் பார்க்கிறேன். உண்மைதான்! வைக்கோல் இடுக்கிலிருந்து பச்சையாக ஒரு முளை!

என்ன நடந்தது? பாப்பாயியின் கோட்டையைப் பிரித்தபோது, நல்ல நீளமான வைக்கோலாக இருக்கிறதே என்று, மாலிக் அதையே முறுக்கிப் பிரிமணை செய்திருக்கிறார். கறுப்பனின் வைக்கோல்! அடித்தும் உதிராமல் வைக்கோலோடு ஒட்டிக்கொண்ட மணிகள் அதற்குள் இருந்திருக்கின்றன. நோன்பு முடிந்து, கிணற்றடியில் கிடந்து நனைந்திருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய அண்டாவில் உறவுக்காரர்கள் எல்லாம் கஞ்சியாகக் கொதித்துக் கிடந்தபோது, அடியிலே அந்தச் சூட்டையும் பொறுத்துக்கொண்டு ஒருவன் உயிரோடு இருந்திருக்கிறான்!

பாப்பாயிக்கு ஆள் அனுப்பினேன். வந்தார். முளையின் அடித்தண்டை விரலால் விலக்கிப் பார்த்தார். தண்டு ஊதா நிறம். "இவன்தான்" என்றார். அவ்வளவுதான். அதுவரை அழாத அந்த அம்மாள், பெரிய கடைவீதியில், பட்டப்பகலில், என் குடைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஓ என்று அழுதார். நானும் அழுதேன். மறைப்பானேன்?

பிறகு மற்றப் பிரிமணைகளையெல்லாம் கொண்டுவரச் சொன்னோம். ஒரு மணிகூடத் தெருவில் சிந்தக் கூடாதே! கடையில் இருந்ததிலேயே பெரிய தாழங்குடையை விரித்துத் தலைகீழாக வைத்தோம். அதற்குள் பிரிமணைகளைப் பிரித்து உதறினோம். பாப்பாயி உதற, நஜீமா பொறுக்க, மாலிக் பார்த்துக்கொண்டே நிற்க, ஒவ்வொன்றாக விழுந்தன. ஆனால் ஒரு சங்கடம். அண்டாச் சூட்டில் கருகினது எது, கருகாதது எது? அவன்தான் பிறவியிலேயே கறுப்பன் ஆயிற்றே, எப்படித் தெரியும்? பாப்பாயி கொஞ்சத்தை மட்டும் ஈரத்துணியில் கட்டி வைத்தார். பாதி முளைத்தது. பாதி முளைக்கவில்லை. மீதியை நனைக்காமல் ஆடிக்காக எடுத்து வைத்தார். எல்லாம் சேர்ந்து என் உள்ளங்கைக் குழிக்குள் அடங்கிவிடும். ஒரு ஊரின் நெல் ஐயா, ஒரு கைக்குள்!

இதோ, துணியை எடுக்கிறேன். இந்தச் சட்டியில் நிற்பவன்தான் அந்த முதல் முளை. முன்வரிசை எழுந்திருக்க வேண்டாம், கடைசியில் இருப்பவர்களுக்கு மறைக்கிறது. தூக்கிக் காட்டுகிறேன். பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்தீர்களா தாய்மார்களே? உங்கள் பிள்ளை திரும்பி வந்திருக்கிறான்!

கைதட்டல் போதும். நான் கைதட்டு வாங்க வரவில்லை, கேட்க வந்திருக்கிறேன். இந்தக் கைக்குழி விதை இந்த ஆடியில் மருதையின் பள்ளம் முழுவதற்கும் காணுமா? காணாது. முதல் வருடம் ஒரு மூலைக்குத்தான் காணும். அதிலிருந்து அடுத்த வருடம் ஒரு துண்டு வயல். அதற்கடுத்துத்தான் படுகை. இருப்பதே இவ்வளவு என்கிறபோது, இளம்பயிரிலேயே வந்துவிடக்கூடிய வெள்ளத்தோடு சூதாட அதைப் பள்ளத்தில் போட முடியாது. கிணற்றுப் பாசனம் உள்ள மேட்டில் ஒரு மூலை வேண்டும். அதுமட்டுமா? அதுவரை மருதை வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். எரியாவிட்டால் சூளைதான் எரியும்! மருதை சூளைக்காரரிடம் சித்திரை வரைக்கும்தான் தவணை கேட்டிருக்கிறார். ஆகவே கேட்கிறேன்: வடபடுகைப் பெருமக்களே, உங்களில் யார் ஒரு மூலை தருகிறீர்கள்? மருதைக்கு உழ ஒரு துண்டு நிலம், விளைச்சலில் பங்கு வைத்து, வாரத்துக்கு யார் விடுகிறீர்கள்?

ஏன் அமைதி? அடுத்தவர் தருவார் என்று பார்க்கிறீர்களா? ஐயா, அடுத்த வீட்டை நம்பித்தானே அவனைத் தொலைத்தோம்! மறுபடியுமா?

என்னம்மா? வைக்கோல் போர்ப் பக்கம் யாரோ எழுந்து நிற்கிறார்களே. உரக்கச் சொல்லுங்கள் தாயே. தம்பி, அந்த இரைச்சலைச் சுத்தமாக நிறுத்தப்பா! யார் அது, மயிலம்மாளா? "எங்க கெணத்தடி வயலை எடுத்துக்கச் சொல்லுங்க. ஒரு மூலையில நெல்லு நிக்கட்டும், மிச்சத்துல அவங்க பொழப்பு நடக்கட்டும். அவல் இடிச்சது நான்தானே, நான் தராம யாரு தருவா?" என்கிறார்! கேட்டதா எல்லோருக்கும்? கீழத்தெருவுக்கும் கேட்டதா? பாப்பாயி, தங்கச்சி, உட்காரம்மா, பிறகு கட்டிக்கொண்டு அழலாம். மருதை அண்ணே, நீங்கள் ஏன் இன்னும் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறீர்கள்? நிமிருங்கள்! என்ன சொல்கிறார்? "சூளைக்காரருக்கு நாளைக்கே சொல்லிடுறேங்க, மண்ணுல கை வைக்க வேணாம்னு." அவ்வளவு போதும்! எனக்கு இந்த மேடையில் வேறு மாலை வேண்டாம்.

இன்னும் ஒன்று. அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பாப்பாயி என்னிடம் சொன்னார், "பாய், மொத விளைச்சல்ல ஒரு படியாவது கஞ்சிக்கு அனுப்பிடுறேன், வேண்டுதல் நிக்கக்கூடாது" என்று. பள்ளிவாசல் பெரியவர்களிடம் சொன்னேன். அவர்கள் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். என் நஜீமா இன்னும் ஒருபடி மேலே போனாள். "அதுல ஒரு மணி கஞ்சிக்கு வந்தாலும் நான் வாயில வைக்க மாட்டேன், சொல்லிடுங்க" என்றாள்.

ஆகவே பாப்பாயி, சபையறியச் சொல்கிறேன். உன் வேண்டுதல் நிறைவேறிவிட்டது. இந்த வருட நோன்புக்கு அரிசி வேண்டாம். அடுத்த வருடமும் வேண்டாம். மேலத்தெருவில் வீட்டுக்கு ஒரு கோட்டை, கீழத்தெருவில் வீட்டுக்கு ஒரு கோட்டை, அதிகாரியின் பண்ணைக்கு ஒரு கோட்டை, எல்லாப் பரணிலும் ஏறட்டும். மாற்றிக்கொள்ளுங்கள், உங்கள் பழக்கம் தொடரட்டும். ஆனால் மாற்றுவதற்கு முன்னால் அடுத்த வீட்டுப் பரணில் ஏறி, கையால் தொட்டுப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்! அதற்கும் மேலே மிஞ்சினால், மிஞ்சினால் மட்டும், எங்களுக்கு அனுப்புங்கள். அதுவரை நாங்கள் வெள்ளைக் கஞ்சியில் நோன்பு திறப்போம். ஒவ்வொரு மாலையும், கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும்போது, எனக்கு அவன் நினைவு வரும். வரட்டும். அந்த ஏக்கத்தோடு காத்திருக்க நான் தயார். அந்தக் கஞ்சி வரும் நாளில் நான் இருப்பேனா என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். நான் இல்லாவிட்டால் என் பேரன் குடிக்கட்டும்; அவனுக்கு அந்த ருசி புதிதாக இருக்கட்டும்.

எனக்கு ஒரே ஒரு தாக்கல் அனுப்பினால் போதும். கறுப்பன் மீண்டும் படுகையில் நிற்கும் வருடம், ஐப்பசியில் கொள்ளிடம் பெருகி வயலுக்குள் வரும்போது, பஸ் கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கடையை மூடிவிட்டு, இருப்பதிலேயே பெரிய குடையை எடுத்துக்கொண்டு வந்து கரையில் நிற்பேன். தண்ணீருக்கு மேலே அவன் தலை தெரிகிறதா என்று என் கண்ணால் பார்க்க வேண்டும்.

அழைத்த சங்கத்தாருக்கும், பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், முதலில் எழுந்து கொடுத்த மயிலம்மாளுக்கும் நன்றி. இனி கீழத்தெருவிலும் சாப்பிடுகிறேன், மேலத்தெருவிலும் சாப்பிடுகிறேன். வருகிறேன் தாய்மார்களே, வணக்கம்!